நாற்பத்திரண்டில் ஒருத்தி

தியோடர் சாருக்குப் பேப்பரில் பிடித்தது ஒரே ஒரு எழுத்து. சரியாகச் சொன்னால் அது எழுத்தே இல்லை, இரண்டு சைபருக்கு நடுவில் சாய்த்துப் போட்ட ஒரு கோடு. காலையில் ஸ்டாஃப் ரூமுக்கு வந்ததும், அந்தக் கோடு எங்கெங்கே இருக்கிறதென்று சிவப்புப் பேனாவால் சுழித்துவிட்டுத்தான் டீயைத் தொடுவார். ஓட்டுப் போட்டவர்கள் அறுபது சதவீதம், அதில் ஜெயித்தவருக்கு முப்பத்தைந்து சதவீதம், ஆக ஊரில் ஐந்தில் ஒருத்தன்தான் இவருக்குப் போட்டிருக்கிறான், மாலை மட்டும் முழுசாக விழுகிறது என்பார். நாலு ரூபாய் வெங்காயம் இருநூறு சதவீதம் ஏறி, பிறகு ஐம்பது சதவீதம் இறங்கினால் ஆறு ரூபாயில் நிற்கும், ஆனால் பேப்பரில் இறங்கின கதையைத்தான் போடுவார்கள் என்பார். மழையில் நின்றுபோன ஆட்டங்களைக் கழித்துவிட்டு கிரிக்கெட் டீமுக்கு வெற்றிச் சதவீதம் போடுவதைக் காட்டிச் சிரிப்பார். கமர்ஷியல் ஸ்ட்ரீட் கடை ஒன்று 'ஐம்பது சதவீதம் வரை தள்ளுபடி' என்று விளம்பரம் கொடுத்திருந்தபோது, அந்த 'வரை' மட்டும் எறும்பு சைஸில் இருப்பதை எனக்குக் காட்டிக்கொடுத்ததே அவர்தான். அந்த வருடம் நான் அங்கே புடவை எடுக்கவில்லை.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்க முடியாதுக்கா. சதவீதத்துல மறைக்கலாம்" என்று ஒருநாள் சொன்னார். ஸ்டாஃப் ரூமே சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

நான் வனஜா. அல்சூர் பக்கம் இருந்த அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருடம் ஆபீஸ் கிளார்க்காக இருந்தேன். வீடு மர்பி டவுனில், நடந்தால் பத்து நிமிடம். தியோடர் சார் கணக்கு வாத்தியார், பிரேசர் டவுன்காரர், என்னைவிட இரண்டு வயது சின்னவர். கிறிஸ்துமஸ் கேக் அவர் வீட்டிலிருந்து முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். எங்கள் தீபாவளி முறுக்கு அவர் வீட்டுக்குத்தான் முதலில் போகும். என் பெண் தீபிகா அம்மை போட்டுக் கிடந்தபோது வீட்டு வாசலிலேயே நின்று இளநீர் கொடுத்துவிட்டுப் போன மனிதர். அவரை நம்பாமல் வேறு யாரை நம்புவேன்?

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரே ஒரு பெருமை இருந்தது. எஸ்.எஸ்.எல்.சி.யில் நூறு சதவீதத் தேர்ச்சி. வருடா வருடம் மே மாதம் கேட்டில் பேனர் ஏறும். 1999-இல் 'தொடர்ந்து ஏழாவது ஆண்டாக' என்று கன்னடத்திலும் இங்கிலீஷிலும் எழுதித் தொங்கவிட்டோம். ஜூன் முதல் வாரம் அட்மிஷனுக்கு வரிசை நிற்கும். கட்டிடம் ஒழுகும், பெஞ்சில் ஆணி நீட்டிக்கொண்டிருக்கும், அதையெல்லாம் யாரும் கேட்கமாட்டார்கள். பேனரைப் பார்த்துவிட்டு நேராக என் ஜன்னலுக்கு வந்து ஃபார்ம் கேட்பார்கள்.

அந்த நூறு எப்படி வந்தது என்பது ஆபீஸில் இருந்த எங்களுக்குத் தெரியும். டிசம்பரில் அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும், எந்தப் பாடத்திலாவது முப்பத்தைந்துக்குக் கீழே எடுத்தவர்களைத் தியோடர் சார் ஒரு தாளில் குறித்துக் கொடுப்பார். அவர்களுடைய அப்பாவையோ அம்மாவையோ வரவழைத்து ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்குவது என் வேலை. 'எங்கள் சொந்த விருப்பத்தின் பேரில் பிள்ளையைப் பள்ளியிலிருந்து விலக்கிக்கொள்கிறோம், பிரைவேட்டாகப் பரீட்சை எழுதவைத்துக்கொள்கிறோம்' என்று இங்கிலீஷில் இருக்கும். நான்தான் டைப் அடித்தேன். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அதைப் படிக்கத் தெரியாது. கையெழுத்து ஆனதும் மிச்சம் உள்ளவர்களின் பெயரை மட்டும் லிஸ்ட் போட்டுப் பரீட்சை போர்டுக்கு அனுப்புவோம். லிஸ்டில் பெயர் போகாத பிள்ளை எங்கள் பள்ளியில் ஃபெயிலாக முடியாது. ஏழு வருடத்தில் அப்படி இருபது பேரை அனுப்பியிருக்கிறோம்.

1998 டிசம்பரில் லட்சுமம்மா வந்தாள். எங்கள் பின்தெருக்காரிதான், நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள். அவள் பெண் இளவேனில் சயின்ஸில் இருபத்தெட்டு. அவளை நாற்காலியில் உட்காரவைத்து, டீ வரவழைத்து, தேன் தடவிய நாக்கோடு பேசினேன். "இப்ப எழுதி ஃபெயிலானா பேரு கெட்டுப்போகும் லட்சுமம்மா. செப்டம்பர்ல நிதானமா எழுதட்டும், நல்ல மார்க்கு வரும். உன் பொண்ணு நல்லதுக்குத்தான் சொல்றேன்." அவள் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் மேடம். எங்க போடணும்?" என்றாள். இடத்தைக் காட்டினேன். உறுத்தவில்லையா என்று கேட்டால், இல்லை. நல்லதுதான் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது வசதியாகவும் இருந்தது.

அடுத்த டிசம்பரில் தாளில் மூன்று பெயர் இருந்தது. மூன்றாவது, எம். தீபிகா. கணக்கில் இருபத்தொன்பது.

தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நேராக ஸ்டாஃப் ரூமுக்குப் போனேன்.

"சார், இவ பத்தாவது முடிச்சு ஜூன்ல பி.யூ.சி. காமர்ஸ் சேரணும்னு இப்பவே ஃப்ரெண்ட்ஸோட பேசி வெச்சிருக்கா. ஒரு வருஷம் வீட்ல உக்காந்தா அவ மனசு விட்டுடுவா. மூணு மாசம் இருக்கு. படிக்க வெக்கிறேன்."

தியோடர் சார் பேனாவை மூடிக் கீழே வைத்தார். "ஏன்க்கா பயப்படறீங்க? தீபிகா எனக்கு யாரோவா? நீங்க அவ பேரையும் சேர்த்து டைப் பண்ணுங்க. சாயந்திரம் அஞ்சு மணிக்கு என்கிட்ட அனுப்புங்க, நான் பாத்துக்கறேன்."

அந்த வகுப்பில் நாற்பத்துநாலு பேர். மற்ற இரண்டு பிள்ளைகளின் வீட்டாரை அழைத்து, வழக்கம்போல டீ வாங்கிக்கொடுத்து, கையெழுத்து வாங்கினேன். நாற்பத்திரண்டு பெயர்களை டைப் அடித்தேன். என் பெண்ணுக்கு ஒரு நியாயம், ஊரார் பெண்ணுக்கு ஒரு நியாயம். தெரிந்தேதான் செய்தேன், இதில் பூசி மெழுக ஒன்றுமில்லை.

லிஸ்டைக் கொடுத்தபோது, "இந்த வருஷம் கம்ப்யூட்டர் பிரிண்ட்தான் கேக்கறாங்களாம்க்கா, நான் கம்ப்யூட்டர் ரூம்ல அடிச்சிக்கறேன்" என்று தியோடர் சார் வாங்கிக்கொண்டார். வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன். ஹெட்மாஸ்டர் மே மாதம் ரிடையர் ஆகப் போகிறவர், தியோடர் சார் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போடுவார். அடுத்த ஹெட்மாஸ்டர் தியோடர் சார்தான் என்று கமிட்டியில் பேச்சு இருந்தது.

தீபிகா படித்தாள். நான் பெற்ற பெண்ணா இவள் என்று எனக்கே சந்தேகம் வருமளவுக்குப் படித்தாள். டி.வி.யைத் துணி போட்டு மூடிவிட்டாள். தினமும் ஐந்து மணிக்குத் தியோடர் சாரிடம் போய் ஆறரைக்கு வருவாள். நோட்டு முழுக்கச் சிவப்பு மை. "சார் இன்னிக்குத் திட்டவே இல்லம்மா" என்று ஒருநாள் சொன்னாள். பிப்ரவரியில் பள்ளியிலேயே வைத்த மாதிரிப் பரீட்சையில் கணக்கில் நாற்பத்தேழு வாங்கினாள். அரைக்கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்குப் போய் முதலில் தியோடர் சாரிடம்தான் டப்பாவை நீட்டினேன். இரண்டு துண்டு எடுத்துச் சாப்பிட்டார்.

மார்ச் மாதம் ஹால் டிக்கெட் கட்டு வந்தது. எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தொன்று. மறுபடி எண்ணினேன். ஒவ்வொரு பெயராகப் புரட்டினேன். சந்திரகலா இருந்தாள், தேவராஜ் இருந்தான், நடுவில் இருக்கவேண்டியவள் இல்லை. போர்டுக்காரன்தான் எதையோ தொலைத்துவிட்டான் என்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆட்டோ பிடித்துப் போய் அந்த ஆபீஸ் ஜன்னலில் நின்று, பிள்ளைகள் வாழ்க்கையோடு விளையாடுகிறீர்களா என்று கன்னடத்தில் கத்தினேன். அங்கிருந்த ஆள் எங்கள் பள்ளி ஃபைலை எடுத்து விரித்து வைத்தான். கம்ப்யூட்டர் பிரிண்ட். கடைசி வரிசை எண் நாற்பத்தொன்று. கீழே எங்கள் ஹெட்மாஸ்டர் கையெழுத்தும் பள்ளி சீலும்.

"நீவு களிசிதஷ்டே பந்திதெ, மேடம்" என்றான். நீங்கள் அனுப்பினதுதான் வந்திருக்கிறது. அவனிடம் மன்னிப்புக் கேட்கக்கூடத் தோன்றாமல் திரும்பினேன்.

தியோடர் சார் காலி வகுப்பறையில் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தார். ஹால் டிக்கெட் கட்டை மேஜையில் வைத்தேன். அவர் அதை எண்ணவில்லை.

"உக்காருங்கக்கா" என்றார்.

"நின்னே கேக்கறேன். என் பொண்ணு பேரு எங்க சார்?"

"நாப்பத்திரண்டுல ஒண்ணு போனா தொண்ணூத்தேழு புள்ளி ஆறு. தொண்ணூத்தேழு புள்ளி ஆறுன்னு யாரும் பேனர் கட்டமாட்டாங்கக்கா." குரலில் கோபமும் இல்லை, பயமும் இல்லை. வெங்காய விலை சொல்கிற அதே குரல். "எதிர்ல இங்கிலீஷ் மீடியம் ஸ்கூல் வந்துடுச்சு. நம்மகிட்ட இருக்கறது அந்த நூறு ஒண்ணுதான். அது போனா ஜூன்ல அட்மிஷன் படுத்துடும். உங்க வேலை, என் வேலை, எல்லாம் அதுலதான் நிக்குது. டிசம்பர்ல அவ இருபத்தொம்போது. என்னால சான்ஸ் எடுக்க முடியல."

"பிப்ரவரில நாப்பத்தேழு சார்."

"அப்ப லிஸ்ட் போயிடுச்சு."

"போயிடுச்சுன்னு தெரிஞ்சும் தெனம் சாயந்திரம் அவள உக்காரவெச்சு சொல்லிக் குடுத்தீங்களா?"

"செப்டம்பருக்கு உதவும்தானேக்கா."

மூன்று மாதம் அந்த நோட்டில் சிவப்பு மையால் டிக் போட்ட கை. அந்தக் கை லிஸ்டிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டுத்தான் டிக் போட உட்கார்ந்திருக்கிறது. கூட இருந்தே குழி பறிப்பது என்று சொல்வார்களே, அதைக்கூட ராத்திரியோடு ராத்திரியாகப் பறிப்பார்கள் என்று நினைத்திருந்தேன். இவர் சாயந்திரம் ஐந்து முதல் ஆறரை வரை, ஜன்னல் திறந்து வைத்து, சாக்பீஸோடு பறித்திருக்கிறார். எனக்கு வாயில் மைசூர்பாகு கசந்தது, நான் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை என்றாலும்.

"பெத்தவங்க கையெழுத்து இல்லாம எப்படி எடுத்தீங்க? நான் போடலையே. உங்க மேல கேஸ் போடுவேன்."

அவர் டிராயரைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்துத் தயங்கித் தயங்கி நீட்டினார். பெயருக்கு இடம் விட்டு நான் அடித்துவைத்த கடிதம்தான். என் டைப்ரைட்டரில் 'e' எழுத்தின் வயிறு அடைத்துக்கொண்டு கறுப்பாக விழும். கடிதம் முழுக்க அந்தக் கறுப்பு. கீழே கன்னடத்தில் ஒரு கையெழுத்து. கன்னடப் பள்ளிக்கூடத்தில் படித்த என் வீட்டுக்காரர் முனிகிருஷ்ணன், ரேஷன் கார்டிலும் எங்கள் கல்யாண ரிஜிஸ்டரிலும் போட்டிருக்கிற கையெழுத்து.

"அண்ணாகிட்ட எல்லாம் சொல்லித்தான் வாங்கினேன்க்கா. அவரு புரிஞ்சிக்கிட்டாரு."

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று ஞாபகமில்லை. என் வீட்டுக்காரர் பீன்யாவில் ஒரு வால்வு ஃபேக்டரியில் இன்ஸ்பெக்ஷனில் இருந்தார். முதல் ஷிப்ட் முடிந்து நாலு மணிக்கு வந்துவிடுவார். லுங்கி கட்டிக்கொண்டு காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். கடிதத்தை அவர் முன்னால் போட்டேன். பார்த்தார். டம்ளரைக் கீழே வைத்தார். எதுவும் தெரியாததுபோல் நடிக்கவில்லை, அந்தமட்டுக்கும் மரியாதை.

"சார் ஃபேக்டரி கேட்டுக்கே வந்தாரு வனஜா. ஒனக்குச் சொன்னா கத்துவ, ஸ்கூல்ல சண்ட போட்டு வேலைய விட்டுடுவன்னு சொன்னாரு. அதான் சொல்லல."

"எதுக்குப் போட்டீங்க?"

"நான் தப்பா ஒண்ணும் பண்ணல. நீயே கேளு. நம்ம ஃபேக்டரில லாட்டு போறதுக்கு முன்னாடி டவுட்டான பீஸ நாங்களே எடுத்து ஓரமா வெச்சிடுவோம். வாங்கற கம்பெனிக்காரன் வந்து பாத்து ரிஜெக்டுன்னு சீல் குத்திட்டா அது ஸ்கிராப்பு, எடைக்குத்தான் போகும். நாங்களே முன்னாடி எடுத்து வெச்சா அது ரீவர்க்கு. இழைச்சு சரிபண்ணி அடுத்த லாட்ல அனுப்பலாம். பதினெட்டு வருஷமா அதான் செய்யறேன், எங்க லைன்ல ரிஜெக்ஷன் அரை சதவீதம் தாண்டினதில்ல. சாரும் அதேதான் சொன்னாரு. ஃபெயில்னு சீல் விழறதுக்கு முன்னாடி எடுத்து வெச்சிடலாம்னு. என் பொண்ண ஸ்கிராப்புல போட மனசு வரல வனஜா."

சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. அந்த மனிதர் பாசத்தில்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார். தியோடர் சாருக்கு யாரிடம் எந்த பாஷையில் பேசவேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

"பொண்ணப் பெத்தனா, பித்தள வால்வப் பெத்தனா?" என்றேன். "அவ நாப்பத்தேழு வாங்கினாளே. அன்னிக்கு ஸ்வீட்டு தின்னீங்களே. அன்னிக்காவது வாயத் தொறந்தீங்களா?"

"லிஸ்டு போயிடுச்சுன்னாரு."

"எல்லாரும் அதயே சொல்லுங்க. அந்த லிஸ்டுக்குக் கால் மொளச்சு அதுவா நடந்து போச்சு."

பதினேழு வருடம் ஒரே தட்டில் சாப்பிட்ட மனிதர், மூன்று மாதம் என் எதிரில் உட்கார்ந்து, 'பரீட்சைக்கு இன்னும் எத்தன நாளு தீபி' என்று அவளைக் கேட்டுக்கொண்டிருந்தார். அதைத்தான் என்னால் தாங்கவே முடியவில்லை. பொய்யைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்தக் கேள்வியை அவர் கேட்டிருக்கவேண்டாம்.

எங்கள் வீடு ஒரு கூடமும் ஒரு அடுக்களையும். எதையும் மெதுவாகப் பேசினாலும் கேட்கும், நாங்கள் மெதுவாகவும் பேசவில்லை. அடுக்களைப் பக்கம் திரும்பினால் தீபிகா கணக்கு நோட்டோடு நின்றுகொண்டிருந்தாள். ஐந்து மணி டியூஷனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்திருக்கிறாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

நான் அவள் கையைப் பிடித்தேன். "நாளைக்கே கமிட்டிக்காரங்க வீட்டுக்குப் போறேன். பேப்பர்ல போடறேன். இவங்க எல்லாரையும் நாறடிக்கறேன் பாரு. ஒரு புள்ளைய இப்படி ஏமாத்தலாமா?"

தீபிகா அழவில்லை. கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

"அந்த லெட்டர் நீ அடிச்சதாம்மா?"

"நான் அடிச்சது ஆபீசுக்கு. உனக்கு இல்ல."

"இளவேனிலுக்குக் குடுத்ததும் இதே லெட்டர்தானா?"

இளவேனிலும் இவளும் ஒரு காலத்தில் பள்ளிக்கு ஒன்றாகப் போனவர்கள், ஒரே குடையில் வந்தவர்கள். ஒரு வருடமாக இளவேனில் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதில்லை. கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போகிறாள், நேரமில்லை என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"உங்கம்மாதான் எங்கம்மாகிட்ட கையெழுத்து வாங்கி என்னை அனுப்பினாங்கன்னு அவ எங்கிட்ட சொன்னா" என்றாள் தீபிகா. "நான் அடிக்கப் போயிட்டேன்மா. எங்கம்மா அப்படிப் பண்ணமாட்டாங்க, நீ படிக்காம எங்கம்மா மேல பழி போடறியான்னு ரோட்ல நின்னு கத்தினேன். அதுலேர்ந்து நாங்க பேசறதில்ல."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

தீபிகா நோட்டை அலமாரியில் வைத்தாள். முகம் கழுவினாள். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள்.

"எங்க போற?"

"அவ வீட்டுக்கு. செப்டம்பர் ஃபார்ம் எங்க குடுப்பாங்கன்னு அவளுக்குத்தான் தெரியும். போன வருஷம் வாங்கிட்டு வந்தாளாம், தெருவுல சொன்னாங்க. ஃபீசு கட்டக் காசு சேர்க்கறதுக்குள்ள தேதி போயிடுச்சு. அப்புறம்தான் கார்மெண்ட்ஸுக்குப் போனா."

"இரு, நானும் வர்றேன்" என்று எழுந்தேன்.

"நீ வராதம்மா." கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன். "லட்சுமம்மா ஆன்ட்டி உன்னைத் திட்டினா பரவாயில்ல. அவங்க திட்டமாட்டாங்க. மேடம் நம்ம நல்லதுக்குத்தான் சொன்னாங்க, நம்ம பொண்ணுதான் சரியா படிக்கலன்னு இன்னும் இளவேனிலைத்தான் திட்டிட்டு இருக்காங்களாம். நீ போனா எழுந்து நின்னு நாற்காலி போடுவாங்க. நான் அதைப் பாக்க முடியாதும்மா."

கதவைச் சாத்தாமலே போனாள். வாசலில் நின்று பார்த்தேன். தெருமுனைக் குழாயடியைத் தாண்டிப் பின்தெருவுக்குத் திரும்பும்வரை அவள் ஒருமுறையும் திரும்பிப் பார்க்கவில்லை.